கொசுவுக்குள் ஒளிந்திருக்கும் கிருமி... காட்டிக் கொடுக்கும் ஆன்ட்டிபாடி!

சாயங்காலம் ஆறரை மணி. அரியலூர் மாவட்டம், திருமானூர் பக்கம், கொள்ளிடக் கரையை ஒட்டிய ஒரு கிராமத்தை மனசில் நினைத்துக் கொள்ளுங்கள். நடவு முடிந்த வயலில் தண்ணீர் நிற்கிறது. கொக்குகள் கூட்டமாக மரத்துக்குத் திரும்புகின்றன. தொழுவத்தில் மாடுகள் அசை போட்டுக் கொண்டிருக்கின்றன. வாசலில் விளையாடும் ஆறு வயசுப் பையன் காதோரம் பட்டென்று ஓர் அடி அடித்துக் கொள்கிறான்.

"கொசுதானே, விடுடா!" என்கிறார் பாட்டி.

பாட்டி சொல்வது பெரும்பாலும் சரிதான். ஆயிரம் கொசு கடித்தாலும் அரிப்போடு போய்விடும். ஆனால் எப்போதோ ஒரு தடவை, வயலில் பிறந்த ஒரு கொசுவின் எச்சிலில் ஒரு வைரஸ் இருந்துவிடுகிறது. பத்து நாள் கழித்து அந்தப் பையனுக்குக் கடும் காய்ச்சல். வாந்தி. மறுநாள் வலிப்பு. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அடையாளம் தெரியாமல் விழிக்கிறான். பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், டாக்டர் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுக்க வேண்டும் என்கிறார்.

"ஐயோ, முதுகுத்தண்டுல ஊசி போட்டா கால் விளங்காமப் போயிடுமே! ரத்தத்தைப் பாத்தா போதாதா டாக்டர்?"

நியாயமான பயம். நியாயமான கேள்வியும்கூட. இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிய வேண்டுமானால், 'மோனோகுளோனல் ஆன்ட்டிபாடி' என்ற ஒரு பொருளைப் பற்றி நீங்கள் தெரிந்து கொள்ள வேண்டும். பெயர்தான் வாயில் நுழையாது. விஷயம் ரொம்பச் சுலபம். வாருங்கள்...

ஜப்பானில் பெயர் வாங்கிய நோய்

இந்த நோயின் பெயர் ஜப்பானிய மூளைக்காய்ச்சல். டாக்டர்கள் சுருக்கமாக 'ஜே.இ.' என்பார்கள். 1871-ல் ஜப்பானில் முதன்முதலாக விவரிக்கப்பட்டதால் இந்தப் பெயர். இந்தியாவில் மனிதரிடம் இது முதலில் அறியப்பட்டது நம் வேலூரில்தான், 1955-ல்.

நெல்வயலில் தேங்கும் தண்ணீரில் முட்டையிடும் 'க்யூலெக்ஸ்' இனக் கொசுக்கள் இதைப் பரப்புகின்றன. வைரஸின் சொந்த வீடு கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளின் உடம்பு. பன்றியின் உடம்பில் புகுந்தால் அது மளமளவென்று பெருகும். பறவையையோ பன்றியையோ கடித்த கொசு, பிறகு மனிதனைக் கடித்தால் நமக்கு வருகிறது.

மனித ரத்தத்தில் இந்த வைரஸ் மிகக் குறைவாகவும், கொஞ்ச நாளும்தான் இருக்கும். ஆகவே நோயாளியைக் கடித்த கொசு அதை இன்னொருவருக்குக் கொண்டு போவதில்லை. தொட்டாலும் ஒட்டாது, இருமினாலும் ஒட்டாது. நோய் வந்த வீட்டை ஒதுக்கி வைக்க வேண்டிய அவசியமே இல்லை!

வைரஸ் உடம்பில் நுழைந்த பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் கடுமையான நோய் வருகிறது. ஆனால் அப்படி வந்தால், 100-க்கு 30 பேர் வரை இறந்து போகலாம். பிழைத்தவர்களிலும் 100-க்கு 20 முதல் 30 பேருக்குப் பேச்சு, நடை, ஞாபகசக்தி, நடத்தை இவற்றில் நிரந்தரக் குறை தங்கிவிடலாம். அதிகம் பாதிக்கப்படுவது குழந்தைகள்.

"எங்க ஊர்ல ஏது நெல்லு?"

பெரம்பலூர்க்காரர்கள் இப்படிக் கேட்கலாம். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் வானம் பார்த்த பூமிதான். ஆனால் ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் உள்ள இடங்களில் நெல் உண்டு. அரியலூர் மாவட்டத்தின் தெற்கே கொள்ளிடக் கரை நெடுக வயல்தான். வடக்கே வெள்ளாற்றைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். ஜே.இ. பல ஆண்டுகளாகத் தலைகாட்டி வரும் பகுதி அது.

1995 வரை பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தில் இருந்தன. பிறகு பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது. 2007-ல் அரியலூரும் தனியே பிரிந்தது. கோடு போட்டுப் பிரித்தது நாம்தான். கொசுவுக்கும் கொக்குக்கும் மாவட்ட எல்லை ஏது? தமிழ்நாட்டில் ஜே.இ. தடுப்பூசி போடப்படும் மாவட்டங்களின் பட்டியலில் இந்த இரண்டும் இருக்கின்றன.

ஒரே சாயலில் உடன்பிறப்புகள்

இப்போது சிக்கலுக்கு வருவோம். ஜே.இ. வைரஸ் தனி ஆள் இல்லை. 'ஃப்ளாவி வைரஸ்' என்ற பெரிய குடும்பத்தில் ஒன்று. நமக்கு நன்றாகத் தெரிந்த டெங்கு அந்தக் குடும்பம்தான். வெஸ்ட் நைல், ஜிகா, மஞ்சள் காய்ச்சல் வைரஸ்களும் அதே குடும்பம்தான். எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி ஒரே முகச்சாயல்.

கண்ணால் பார்த்துப் பிரிக்கலாம் என்றால் அதுவும் முடியாது. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் சுமார் 20,000 வைரஸ்களை வரிசையாக நிறுத்தி வைக்கலாம். அவ்வளவு பொடி!

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? நம் உடம்பே அதற்கு வழி வைத்திருக்கிறது. கிருமி உள்ளே நுழைந்தால் ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் ஒரு வகை, அந்தக் கிருமியைப் போய்ப் பிடித்துக் கொள்ளும் புரதங்களைத் தயாரிக்கிறது. இவைதான் ஆன்ட்டிபாடிகள். தமிழில் எதிர்ப்புரதம் என்று சொல்லலாம். பூட்டுக்குச் சாவி மாதிரி, கிருமியின் மேல் உள்ள ஏதாவது ஒரு வடிவத்தில் ஒவ்வொன்றும் கச்சிதமாகப் பொருந்தும்.

ஆனால் நம் உடம்பு ஒரே சாவி செய்வதில்லை. ஒரு கிருமிக்கு நூற்றுக்கணக்கில் சாவி செய்கிறது. அவற்றில் சில, அண்ணன் பூட்டையும் திறக்கும், தம்பி பூட்டையும் திறக்கும்!

கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர், இரட்டைப் பிள்ளைகளில் ஒருவனைப் பார்த்து, "இவன் நம்ம பெரிய வீட்டுப் பையன்" என்று சொல்லிவிடுவார். எந்தப் பையன் என்று கேட்டால் முழிப்பார். பெற்ற தாயைக் கேளுங்கள். காதோரத்து மச்சத்தைப் பார்த்து, "இவன் சின்னவன்" என்று டக்கென்று சொல்லிவிடுவாள்.

அந்த மச்சத்தை மட்டும் பார்த்து அடையாளம் சொல்லும் ஆன்ட்டிபாடி ஒன்றை மட்டும் தனியே பிரித்து, வேண்டிய மட்டும் தயாரிக்க முடிந்தால்? அதுதான் மோனோகுளோனல் ஆன்ட்டிபாடி! 'மோனோ' என்றால் ஒன்று. ஒரே ஓர் அணுவின் வாரிசுகள் மட்டுமே தயாரிக்கும், ஒரே மாதிரியான ஆன்ட்டிபாடி.

சாகாத அணு!

இதைச் சாதித்தவர்கள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஆராய்ச்சி செய்த சீசர் மில்ஸ்டீன், ஜார்ஜ் கோலர் என்ற இரண்டு விஞ்ஞானிகள். வருஷம் 1975.

முதலில் ஓர் எலிக்கு, எதை அடையாளம் காண வேண்டுமோ அந்தப் பொருளை ஊசி மூலம் செலுத்துவார்கள். எலியின் மண்ணீரலில் அதற்கான ஆன்ட்டிபாடி தயாரிக்கும் அணுக்கள் உருவாகும். ஆனால் அவற்றை வெளியே எடுத்து வைத்தால் சில நாட்களில் செத்துவிடும். புற்றுநோய் அணுவோ அப்படியல்ல. சாப்பாடு போட்டால் பெருகிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டையும் இணைத்தால்? ஆன்ட்டிபாடியும் தயாரிக்கும், சாகவும் சாகாது!

இப்படி இணைந்த அணுக்களைத் தனித்தனியாகப் பிரித்து வளர்த்து, எது நமக்கு வேண்டிய ஆன்ட்டிபாடியைத் தருகிறதோ அதை மட்டும் வைத்துக் கொள்வார்கள். 1984-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசை நோய் எதிர்ப்பியல் மேதை நீல்ஸ் ஜெர்னேயும் பகிர்ந்து கொண்டார்.

"இதெல்லாம் பெரிய லேப் சமாச்சாரம், நமக்கென்ன?" என்கிறீர்களா? நாள் தள்ளிப் போனால் மெடிக்கல் ஷாப்பில் ஒரு பட்டை வாங்கி, சிறுநீர் விட்டு, இரண்டு கோடு வருகிறதா என்று பார்க்கிறோமே... அந்தக் கோட்டை வரவைப்பதும் மோனோகுளோனல் ஆன்ட்டிபாடிதான்! கர்ப்பத்தின்போது சுரக்கும் ஹார்மோனை அது பிடித்துக் கொள்வதால் கோடு தெரிகிறது.

கொசுவிடம் விசாரணை

ஜே.இ. விஷயத்தில் இந்தக் கருவியை நம் மண்ணிலேயே பயன்படுத்திக் காட்டியவர்கள் மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ் இயங்கிய அந்த மையம், பின்னர் புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தோடு இணைக்கப்பட்டது. ரேச்சல் ரூபன், ஏ. கஜானனா முதலியோர் அடங்கிய குழு, 1990-களில் அன்றைய தென்னாற்காடு மாவட்டக் கிராமங்களில் வருடக்கணக்கில் கொசு பிடித்து ஆராய்ந்தது. வெள்ளாற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு அது பக்கத்து வீட்டுக் கதை மாதிரி.

பொழுது சாய்ந்ததும் டார்ச் லைட்டும் உறிஞ்சு குழாயுமாக மாட்டுத் தொழுவப் பக்கம் போவார்கள். அங்கே வந்து உட்காரும் கொசுக்களைப் பிடித்து, இனவாரியாகப் பிரித்து, ஐம்பது வரை ஒரு குழுவாக வைப்பார்கள். பிறகு அந்தக் குழுவை அரைத்து, அந்தச் சாற்றைச் சோதிப்பார்கள்.

முன்பெல்லாம் அந்தச் சாற்றைப் பச்சிளம் எலிக்குட்டிகளின் மூளையில் செலுத்தி, அவை நோயில் விழுகின்றனவா என்று நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். 'எலிசா' சோதனை வந்ததும் வேலை சுலபமாயிற்று. சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் முதலில் ஆன்ட்டிபாடியைப் பூசி வைப்பார்கள். கொசுச் சாற்றில் வைரஸ் இருந்தால் அதில் ஒட்டிக் கொள்ளும். பிறகு நிறம் மாற்றும் நொதி சேர்த்த இன்னொரு ஆன்ட்டிபாடியை ஊற்றுவார்கள். வைரஸ் இருந்தால் குழியில் நிறம் வரும். இல்லாவிட்டால் வராது. நூற்றுக்கணக்கான கொசுக் குழுக்களை ஒரே சமயத்தில் பார்த்துவிடலாம்.

இதில் ஒரு நுணுக்கம். குடும்பம் முழுவதையும் அடையாளம் காட்டும் மோனோகுளோனல் ஆன்ட்டிபாடியும் உண்டு. ஜே.இ.யை மட்டும் காட்டுவதும் உண்டு. முதலில் "இந்தக் குடும்பத்து ஆள் இருக்கிறானா?" என்று சலித்துவிட்டு, பிறகு "யார் அவன்?" என்று உறுதி செய்வார்கள்.

உறுதி செய்யும் வேலைக்கு உதவியதும் ஒரு கொசுதான்! 'டாக்ஸோரிங்கைட்டிஸ்' என்ற பெரிய கொசு. இது யாரையும் கடிக்காது, பூந்தேன் குடித்து வாழும் சாது. சந்தேகமான சாற்றை இதன் உடம்பில் செலுத்தினால், வைரஸ் இருந்தால் அங்கே பெருகும். சில நாள் கழித்து அதன் தலையைக் கண்ணாடித் தகட்டில் நசுக்கி, ஜே.இ.க்கு மட்டுமேயான ஆன்ட்டிபாடியை ஒளிரும் சாயத்தின் துணையோடு பயன்படுத்தி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பச்சையாக மின்னினால், குற்றவாளி ஜே.இ.தான்.

இதனால் நமக்கு என்ன லாபம்? குழந்தைகள் நோயில் விழுந்த பிறகு கணக்கெடுப்பதற்கும், வைரஸ் கொசுவில் சுற்றும்போதே எச்சரிக்கை மணி அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். எந்தக் கொசு இனம், எந்த மாதத்தில், எந்தக் கிராமத்தில் வைரஸைச் சுமக்கிறது என்று தெரிந்தால் தடுப்பூசிக்கும் புகை மருந்துக்கும் இடம் குறிக்கலாம்.

இன்னொன்றும் தெரிந்தது. இந்தக் கொசுக்கள் குடித்த ரத்தத்தைச் சோதித்தபோது, பெரும்பகுதி மாட்டு ரத்தம். மாட்டின் உடம்பில் இந்த வைரஸ் பெருகாது. நம்மைக் கடிக்க வேண்டிய எத்தனையோ கடிகளை மாடுகள் தாங்கிக் கொள்கின்றன!

பாட்டியின் கேள்விக்குப் பதில்

இப்போது ஆஸ்பத்திரிக்குத் திரும்புவோம். பையனின் ரத்தத்தில் வைரஸை நேரடியாகத் தேடலாமே? தேடலாம். ஆனால் வலிப்பு வரும் நேரத்தில் வைரஸ் ரத்தத்தை விட்டுப் பெரும்பாலும் போய்விட்டிருக்கும். ஆகவே வைரஸின் காலடித் தடத்தைத் தேடுகிறார்கள். அதாவது, அதை எதிர்த்துப் பையனின் உடம்பு புதிதாகத் தயாரித்த 'ஐ.ஜி.எம்.' என்ற ஆன்ட்டிபாடியை.

புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் தயாரித்து அளிக்கும் சோதனைப் பெட்டியில் இதற்கு வழி இருக்கிறது. பையனின் ஐ.ஜி.எம்.மைத் தட்டில் பிடித்து வைத்து, அதன்மேல் ஜே.இ. வைரஸ் பொருளை விடுவார்கள். அது ஒட்டிக் கொண்டதா என்று காட்டிக் கொடுப்பது மோனோகுளோனல் ஆன்ட்டிபாடிதான்.

சரி, முதுகு நீர் எதற்கு? இரண்டு காரணம்.

ஒன்று: ரத்தத்தில் உள்ள ஆன்ட்டிபாடி, முன்பு வந்த டெங்குவாலோ, சமீபத்தில் போட்ட ஜே.இ. தடுப்பூசியாலோகூட நம்மைக் குழப்பலாம். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடும் நீரில் ஜே.இ. ஐ.ஜி.எம். இருந்தால், மூளைக்குள்ளேயே இந்த வைரஸ் புகுந்திருக்கிறது என்பதற்கு அது உறுதியான சாட்சி.

இரண்டு: அதைவிட முக்கியம். இதே அறிகுறிகளோடு பாக்டீரியா மூளைக்காய்ச்சலும் வரும், காசநோய் மூளையுறை அழற்சியும் வரும். அவற்றுக்கு மருந்து உண்டு. உடனே ஆரம்பித்தால் பிள்ளை பிழைக்கும். ஜே.இ. வைரஸைக் கொல்லும் மருந்து இதுவரை கிடையாது. வலிப்பை அடக்குவது, மூளை வீக்கத்தைக் குறைப்பது, மூச்சைக் காப்பது என்று உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் சிகிச்சைதான். எந்த நோய் என்று தெரியாவிட்டால், மருந்து உள்ள நோயைத் தவற விட்டுவிடலாம் அல்லவா?

ஊசியால் கால் விளங்காமல் போகுமா என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. தண்டுவடம் முதுகின் மேற்பாதியைத் தாண்டியதும், இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்குக் கீழே, நீர் உள்ள இடத்தில். எடுப்பது சில மில்லிதான். உடம்பு அதைச் சில மணி நேரத்தில் மறுபடி சுரந்துவிடும். பிறகு கொஞ்சம் தலைவலி, முதுகுவலி இருக்கலாம். மூளையில் அழுத்தம் அதிகமாக இருந்தால் ஆபத்து என்பதால், அதைப் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் முடிவு செய்வார். காலை விளங்காமல் செய்வது பெரும்பாலும் மூளைக்காய்ச்சல்தான். பழி ஊசி மேல் விழுந்துவிடுகிறது!

வாசகர்கள் கேட்கக்கூடியவை

முதல் ரிசல்ட் 'இல்லை' என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமா?

அவசரப்படாதீர்கள். ஐ.ஜி.எம். தென்படுவதற்குக் காய்ச்சல் தொடங்கி மூன்று முதல் எட்டு நாட்கள் ஆகலாம். முதல் நாளே எடுத்தால் தெரியாமல் போகலாம். அதனால்தான் சில நாள் கழித்து மறுபடி ரத்தம் கேட்கிறார்கள். "எத்தனை தடவைதான் எடுப்பீங்க?" என்று கோபப்படாதீர்கள்.

மோனோகுளோனல் ஆன்ட்டிபாடியை மருந்தாகவும் போடுகிறார்களாமே?

ஆமாம். சில புற்றுநோய்களுக்கும், மூட்டு அழற்சி நோய்களுக்கும் அப்படிப்பட்ட மருந்துகள் உண்டு. 2021-ல் கொரோனாவுக்கும் கொடுத்தார்கள். ஆனால் ஜே.இ.யில் அதன் வேலை கண்டுபிடிப்பது மட்டும்தான். யாராவது மருந்து என்று சொன்னால் ஏமாறாதீர்கள்.

வீட்டில் தண்ணீர்த் தொட்டியை மூடி வைத்தால் போதாதா?

அது டெங்குவுக்கு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுத் தண்ணீரில் வளர்ந்து, பகலில் கடிக்கும். ஜே.இ. கொசு வயலில் வளர்ந்து, இருட்டியதும் கடிக்கும். இரண்டுக்கும் தனித்தனி ஜாக்கிரதை வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

* குழந்தைக்கு ஜே.இ. தடுப்பூசி இரண்டு தவணை. 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தவறவிட்டிருந்தால், கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். 2013-ல் வந்த 'ஜென்வேக்' என்ற இந்தியத் தடுப்பூசி, 1981-ல் கர்நாடகத்தின் கோலாரில் எடுத்த வைரஸிலிருந்து உருவானது.

* தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள். எப்போது ஊசி போட்டது என்று தெரிந்தால்தான் ரத்தப் பரிசோதனை முடிவை டாக்டர் சரியாகப் புரிந்து கொள்ள முடியும்.

* பொழுது சாயும் நேரத்தில் பிள்ளைகளுக்கு முழுக்கை சட்டை போடுங்கள். தூங்கும்போது கொசுவலை கட்டுங்கள். மழைக்காலத்தை ஒட்டி, வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

* பன்றி வளர்ப்பவர்கள் கொட்டகையைக் குடியிருப்பிலிருந்து தள்ளி வையுங்கள்.

* விவசாயிகள் யோசிக்கலாம்: வயலில் எப்போதும் தண்ணீர் கட்டாமல், காய விட்டுப் பாய்ச்சினால் கொசுப் புழு குறையும். யூரியாவோடு வேப்பம் பிண்ணாக்கைக் கலந்து போட்டாலும் குறைகிறது என்பதை அதே மதுரை மையத்தின் ஆராய்ச்சி காட்டியது.

* காய்ச்சலோடு வலிப்பு, பிதற்றல், மயக்கம், ஆளை அடையாளம் தெரியாமை இவற்றில் ஒன்று இருந்தாலும் மந்திரிக்கக் கூட்டிப்போய் நேரத்தை வீணாக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வலிப்பு வரும்போது வாயில் எதையும் திணிக்காமல், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

எங்கோ கேம்பிரிட்ஜில் ஓர் எலியின் அணுவில் தொடங்கிய ஆராய்ச்சி, கொள்ளிடக் கரையில் ஒரு பையனுக்கு என்ன நோய் என்று சொல்லும் அளவுக்கு வந்திருக்கிறது. ஆனால் அந்த ஆன்ட்டிபாடி எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், சோதிக்க மாதிரி வேண்டும். அதைத் தருவது நீங்கள்தான். டாக்டர் முதுகு நீர் கேட்டால், பயத்தை விட்டு, சந்தேகத்தைக் கேட்டுத் தெளிந்து, சம்மதம் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால், இன்றைக்கே பீரோவைத் திறந்து பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஜே.இ. என்று எழுதிய இடத்தில் இரண்டு தேதி இருக்கிறதா?